41 வருஷம் இழுத்த ஒரு மீட்டிங்

மக்களே, மீட்டிங் மேல மீட்டிங் போட்டும் ஒண்ணும் உருப்படாத கதையை ஆபீஸ்ல தினம் பார்க்கிறோம். 41 வருஷம் இழுத்த மீட்டிங் கேள்விப்பட்டிருக்கீங்களா? 2020 ஊரடங்குல வீட்டுல உட்கார்ந்து கண்டதையும் படிச்சப்ப சிக்கினது இது.

1851 ஜூலையில பாரிஸ்ல முதல் சர்வதேச சுகாதார மாநாடு கூடுச்சு. 12 நாடுகள். நாட்டுக்கு ஒரு டாக்டர், ஒரு ராஜதந்திரி. (நம்ம பாஷையில ஒரு டெவலப்பர், ஒரு மேனேஜர்!) காலராவுக்குப் பயந்து கப்பல்களைத் துறைமுகத்துல எத்தனை நாள் நிறுத்தி வைக்கிறதுன்னு ஆறு மாசம் பேசினாங்க. அது எப்படிப் பரவுதுங்கறதுலயே ஒத்துப்போகலை. கெட்ட காத்துன்னு ஒரு கோஷ்டி, தொத்து வியாதின்னு இன்னொரு கோஷ்டி.

1854ல லண்டன்ல ஜான் ஸ்னோ, செத்தவங்க எந்தத் தண்ணி குடிச்சாங்கன்னு வீடு வீடா விசாரிச்சு, பிராட் தெரு பம்புதான் காரணம்னு காட்டினார். கைப்பிடியைக் கழட்ட வச்சார். அதே வருஷம் இத்தாலியில பசீனி மைக்ரோஸ்கோப்ல கிருமியையே பார்த்து எழுதி வச்சுட்டார். லாக் ஃபைல் கண்ணு முன்னாடி கிடக்கு, திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது 1885 ரோம் மாநாட்டைப் படிச்சப்பதான். முந்தின வருஷம் ராபர்ட் கோக் கல்கத்தாவுல, காலராவுக்கு இந்தக் கிருமிதான் காரணம்னு சொல்லியாச்சு. மனுஷன் ஜெர்மனி பிரதிநிதியா அந்த மாநாட்டுலயே இருக்கார். ஆனா காலரா எதனால வருதுங்கற விவாதமே வேண்டாம்னு பிரிட்டிஷ் தரப்பு தடுத்துடுச்சு. சூயஸ் கால்வாய்ல அவங்க கப்பல்தான் அதிகம். நிறுத்தினா யாருக்கு நஷ்டம்னு நான் வேற சொல்லணுமா?

என் பாட்டி வாந்திபேதிங்கற பேரையே வாயால சொல்ல மாட்டாங்க. 'அது வந்துச்சு'ன்னுதான் சொல்வாங்க. அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப ரெண்டு அண்ணனுங்க ஒரே வாரத்துல அதுல போயிட்டாங்க. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்களாம். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு ஒருத்தரும் சொல்லலையாம். கோக் கல்கத்தாவுக்கு வந்துட்டுப் போய் அரை நூத்தாண்டுக்கு மேல ஆகியிருந்தது.

அந்த மாநாடுகள்ல கவலையெல்லாம் வியாதி ஐரோப்பாவுக்குள்ள வந்துடக் கூடாதேங்கறதுதான். கிளம்புற இடத்துல சாகிறவங்க, அதாவது நம்மாளுங்க, அஜெண்டாவுல வெறும் 'மூலம்'.

ஒருவழியா 1892ல வெனிஸ்ல முதல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுவும் சூயஸ் வழியா மேற்கே போற கப்பல்களுக்கு மட்டும். ஆனாலும் இவங்களைச் சும்மா திட்டிட்டும் போக முடியலை. 1938 வரைக்கும் 14 மாநாடு இப்படியே சண்டை போட்டு ஓடுச்சு. 1948ல பிறந்த உலக சுகாதார நிறுவனத்துக்கு விதை போட்டதும் இந்தச் சண்டைதான்.

ஸ்னோ 1858லயே போய்ச் சேர்ந்துட்டார். பசீனி 1883ல. அந்தக் கிருமியோட அறிவியல் பெயர்ல பசீனி பேரை அதிகாரபூர்வமா சேர்த்தது 1965லதான். 111 வருஷம் கழிச்சு டிக்கெட்டை மூடியிருக்காங்க! சரி, பத்தரைக்கு எனக்கு ஒரு கால் இருக்கு. வரட்டா?