விடுபட்ட சகோதரன்

உண்மையில் வாழ்ந்த ஒருவரைத் திரையிலே காட்ட வேண்டுமாயின், அவருக்கேற்ற நடிகரை எவ்வாறு தெரிவு செய்வது? முகச்சாயலைப் பார்ப்பதா, உடற்கட்டைப் பார்ப்பதா, அன்றி அவர் பட்ட துயரைத் தாங்கிக் காட்டவல்ல திறமையைப் பார்ப்பதா? 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி அயன் குளோ' என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்த பின்னர் இவ்வினா நம் மனத்தை விட்டு அகலவில்லை.

ரெக்சாஸ் மாநிலத்திலே புகழ்பெற்றிருந்த வொன் எரிக் என்னும் மல்யுத்தக் குடும்பத்தின் கதை இது. வியப்பு என்னவெனில், அக்குடும்பப் பெயரே ஒரு வேடப்பெயர். தந்தையின் இயற்பெயர் ஜக் அட்கிசன். உலகப் போருக்குப் பின் ஜேர்மானியர்மீது மக்களுக்கிருந்த வெறுப்பையே முதலாகக் கொண்டு, பிரிட்ஸ் வொன் எரிக் என்ற ஜேர்மானியக் கொடியவனாக அவர் கோதாவில் இறங்கினார். எதிராளியின் முகத்தை விரித்த கையாற் கவ்வும் அவரது இரும்புப் பிடியே படத்தின் பெயராயிற்று. தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்படுகிறது. ஆகவே அங்கு வீரனும் ஒருவகை நடிகனே. தந்தை பூண்ட வேடம் புதல்வர்களுக்குப் பெயராக வாய்த்தது.

ஆனால் அவர்கள் அடைந்த துன்பம் வேடமன்று. ஆறு புதல்வருள் மூத்தவன் 1959இல் சிறுவனாகவே இறந்தான். டேவிட் 1984இல் யப்பானிலே காலமானார். மைக் 1987இலும், கிறிஸ் 1991இலும், கெரி 1993இலும் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கெவின் ஒருவரே எஞ்சினார்.

அந்தக் கெவினாக நடிக்க இயக்குநர் ஷோன் டர்க்கின் தெரிவு செய்தவர் சாக் எப்ரன். 2006இல் 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' படத்திலே பாடியாடும் பள்ளி மாணவனாக இளைஞருக்கு அறிமுகமானவர். கெவினைவிட உயரத்திற் குறைந்தவர். எனினும் கடும் பயிற்சியால் உடலைத் திரட்டி, கெவினைப் போலவே வெறுங்காலுடன் கோதாவில் நின்றார். படத்தின் இறுதியில், சகோதரரை எல்லாம் இழந்து அழும் தந்தையை அவருடைய சிறுவர்கள் தேற்றும் காட்சி வருகிறது. அவ்வேளையில் முகச்சாயலையோ உயரத்தையோ நாம் நினைத்தும் பார்க்கவில்லை. நடிகரின் தெரிவு சரியானதே என்று அக்காட்சியே நமக்கு உணர்த்தியது.

ஆயினும் நம்மை உறுத்துவது வேறொன்று. கடைக்குட்டி கிறிஸ் இப்படத்தில் இல்லை! அவர் பாத்திரத்திற்கு எவரும் தெரிவு செய்யப்படவில்லை. மேலும் ஒரு மரணத்தைக் கதை தாங்காது என்பது இயக்குநர் கூறிய காரணம். கதையைச் சுருக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ் யார்? ஈளை நோயினால் வருந்தியவர். அதற்கு உட்கொண்ட மருந்தினால் எலும்புகள் நலிந்தவர். அண்ணன்மாரைப் போல் ஓங்கி வளராதவர். அவர்களைப் போல் ஆகவேண்டும் என்ற ஆசை மட்டும் அவரிடம் குறையவில்லை. 21 வயதிலே மறைந்தார். கோதாவிலே தமக்கென ஓரிடம் பெறத் தவித்தவருக்குத் திரையிலும் இடம் கிடைக்கவில்லை.

படத்திற்கு நடிகரைத் தெரிவு செய்வோர், யாருக்கு யார் பொருத்தம் என்று பார்ப்பதோடு, யாருக்கு ஒருவருமே இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். படம் பார்க்கும் மாணவரும், நடித்தவர் யார் என்று கேட்பதுடன் விடுபட்டவர் யார் என்றும் கேட்டுப் பழகுதல் நன்று. கதையின் வசதிக்காக ஆறு ஐந்தாகலாம். ஆறு பிள்ளைகளைப் பெற்ற தாயின் கணக்கில் அது என்றும் ஆறுதான்.