கன்ரபரிப் பாடசாலையும் ஓர் இசைக்குழுவும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சங்கப் பாடலொன்றின் நயத்தையோ நன்னூற் சூத்திரமொன்றின் விளக்கத்தையோ அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆயினும் யான் எழுதப் புகுவது ஆங்கில நாட்டு இசைக்குழு ஒன்றின் பிறப்பைப் பற்றியாகும். அன்பர்கள் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்து, தன் கைபேசியிலிருந்த இசையொன்றைக் கேட்குமாறு வற்புறுத்தினான். அது எனக்கு வெறும் இரைச்சலாகவே தோன்றியது. என் முகக்குறிப்பை உணர்ந்த அவன், “சேர், இவையளும் ஒரே பள்ளிக்கூடத்துப் பெடியள்தான்” என்றான். அச்சொல்லே என்னை அதன்பால் ஈர்த்தது.

குழுவின் பெயர் சொவ்ற் மெஷின், மென்பொறி எனலாம். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பறோஸின் நாவலொன்றின் பெயரை அவரது இசைவு பெற்றுச் சூட்டிக்கொண்டனர். 1966இல் தோன்றிய இக்குழுவினர் வாசித்தது சைக்கடெலிக் றொக் எனப்படும். நனவுக்கும் கனவுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை ஒலியாலும் ஒளியாலும் உண்டாக்க விழைந்த இசை. பிங்க் புளொயிட் குழுவினரோடு இலண்டன் அரங்குகளில் ஒன்றாகத் தோன்றியும், அவர்கள் எய்திய பெரும்புகழை இவர்கள் எய்தினாரல்லர்.

இனி மூலத்துக்கு வருவோம். தேவாலயத்தாற் பெயர்பெற்ற கன்ரபரி நகரில் சைமன் லாங்ரன் ஆண்கள் பாடசாலை உளது. 1942இல் அந்நகர்மேற் பொழிந்த குண்டுகளுக்கு அப்பாடசாலையும் தப்பவில்லை. குண்டு வீழ்ந்த பாடசாலை எத்தகையதென நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1959இல் அது நகரப்புறத்துப் புதுக் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. அக்காலத்தில் அங்கே பயின்றோருள் நால்வர் மைக் றற்லெஜ், றொபேட் வயற், ஹொப்பர் சகோதரராகிய பிறயன், ஹியூ என்போர்.

பாடசாலை அவர்களை ஒன்றுசேர்த்தது. வளர்த்ததோ ஒரு வீடு. கன்ரபரிக்கும் டோவருக்கும் இடையே லிடன் என்னுஞ் சிற்றூரில், பல அறைகள் கொண்ட பழைய வீடொன்றில் வயற்றின் குடும்பம் வாழ்ந்தது. தாயார் பத்திரிகையாளர், தந்தையார் உளவியல் கற்றவர், நோயால் நலிவுற்றிருந்தவர். வீட்டில் வாடகைக்கு இருப்போரும் இருந்தனர். அவ்வாறு வந்தவருள் ஒருவர் அவுஸ்திரேலியரான டேவிட் அலன். அவர் கொணர்ந்த ஜாஸ் இசைத்தட்டுக்களைச் சுற்றிப் பையன்கள் கூடினர். அங்குத் தங்கிய அமெரிக்கர் ஒருவர் வயற்றுக்கு மேளம் வாசிக்கப் பழக்கினார். பாடத்திட்டமில்லை, பரீட்சையில்லை, பிள்ளைகளை “இரைச்சல்” என்று அதட்டுவாருமில்லை. பரீட்சைகளில் வயற் சிறந்தானல்லன். றற்லெஜோ ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் புகுந்தான். அப்பாடசாலை அந்நாளில் விழா மலரொன்று வெளியிட்டிருப்பின், அதில் யாருடைய படம் இடம்பெற்றிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

1964இல் ஹொப்பர் சகோதரரும் வயற்றும் கெவின் அயேர்ஸ், றிச்சேட் சின்கிளயர் என்போரோடு கூடி வைல்ட் பிளவர்ஸ் என்னுங் குழுவைத் தொடங்கினர். (அயேர்ஸ் இளமையில் மலாயாவில் வளர்ந்தவன். மலாயன் பென்ஷன் எடுத்த பேரன்மாரையுடைய நமக்கு அந்நாடு அந்நியமன்று.) அக்குழு இருந்த காலத்தில் இசைத்தட்டொன்றேனும் வெளியிட்டதில்லை. ஆயினும் அதிலிருந்தே சொவ்ற் மெஷினும், 1968இல் கறவன் என்னுங் குழுவும் கிளைத்தன.

றற்லெஜ் வாசித்த ஓர்கன் பற்றி அம்மாணவன் சொன்ன செய்தி சுவையானது. ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியொன்றை அவர் அதனோடு இணைத்திருந்தார். கட்டைகளிலிருந்து விரலை எடுத்தால் அது தானே ஊளையிடத் தொடங்கும். ஆதலின் இடைவிடாது வாசித்தார். குறையை மறைக்கப் புகுந்ததே அவருக்குரிய பாணியாயிற்று.

1967இல் பிரான்சிலிருந்து திரும்பிய அலனுக்குப் பிரித்தானியாவுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது; ஏனையோர் மூவராய்த் தொடர்ந்தனர். 1968இல் ஜிமி ஹென்றிக்ஸ் குழுவினரோடு அமெரிக்கா முழுதுஞ் சுற்றியபோது, வாத்தியங்களைப் பொறுப்பேற்று உடன்சென்றவர் பள்ளித்தோழர் ஹியூ ஹொப்பர். அடுத்த ஆண்டு அவரே குழுவில் ஒருவரானார். 1970இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில், செவ்விசைக்குரிய விழாவில் வாசித்தனர். 1973இல் வயற் மாடிச் சன்னலிலிருந்து வீழ்ந்து கால்கள் வழங்காராயினார். சக்கர நாற்காலியிலிருந்தே பின்னும் பல பாடல்கள் ஆக்கினார்.

இவற்றையெல்லாம் அறிந்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரிய கலாசாலையிற் சான்றிதழ் பெற்று வந்த புதிதில், யான் யாப்பிலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த வேளை, கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் மேசையில் விரல்களால் தாளமிட்டான். அவனை வெளியே நிறுத்தினேன். அவன்முன் விரிந்திருந்த கொப்பியையும் பறித்துக்கொண்டேன். தவணை முடிவில் தருவதாகச் சொன்னேன். தவணை முடியுமுன் அவன் குடும்பத்தினர் ஊரைவிட்டுப் புறப்பட்டனர்.

மறுநாட் காலை அக்கொப்பியைத் தேடியெடுத்தேன். அதில் அவனே இயற்றிய பதினொரு பாட்டுக்கள் உள்ளன. சீர்கள் ஓரிடத்தும் தளை தட்டவில்லை. மேசையில் அவன் எண்ணிக்கொண்டிருந்தது அச்சீர்களையே என்பதை இப்பொழுதுதான் அறிந்தேன். பன்னிரண்டாம் பாட்டு இரண்டடியோடு நிற்கின்றது.

கொப்பி, ஆசிரியர் அறையில் என் அலுமாரியின் மேற்றட்டில் இருக்கின்றது. இம்மலர் எந்நாட்டிலேனும் அவன் கைக்கு எட்டுமாயின், முகவரியை எழுதியனுப்புவானாக. பதிவுத் தபாலில் அனுப்பிவைப்பேன்.