போட்டேன் என்று சொன்னேன்

லித்தியம் மாத்திரையை நிறுத்தியது நான்தான். மறதியால் நிறுத்தவில்லை. காசில்லாமலும் நிறுத்தவில்லை. அது என் எழுத்தைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி நிறுத்தினேன். அன்று என் புத்தி தெளிவாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் நோய்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொண்டவன் நான்.

எனக்கு இருப்பது பைபோலார். சில காலம் மனம் தூக்கமில்லாமல் பறக்கும். சில காலம் எழுந்து பல் துலக்கவும் தெம்பிருக்காது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் லித்தியத்தின் பலனைக் கண்டு எழுதினார். அந்த மருந்து எனக்கும் கேட்டது. கை லேசாக நடுங்கும், அடிக்கடி தாகமெடுக்கும், அவ்வளவுதான். இரவில் தூங்கினேன். மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கதையும் எழுதினேன், ஆனால் மெதுவாக. அந்த மெதுவைத்தான் என் கர்வம் பொறுக்கவில்லை.

தமிழுக்கு முதல் ஞானபீடம் வாங்கித் தந்த அகிலன் பிறந்த பெருங்களூர், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வரிசையில் அடுத்து நான் என்று உள்ளுக்குள் நம்பினேன். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நோய்க்கும் கலை மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1993இல் ஒரு நூல் எழுதினார். அதில் வந்த பெரிய கவிஞர்களின் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டேன். அவருக்கும் இதே நோய். லித்தியத்தை ஏற்க மறுத்துத் தான் பட்ட பாட்டை 1995 நூலில் அவரே எழுதியிருக்கிறார். அதையும் படித்திருந்தேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒரு ராத்திரி மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: "மாத்திரை போட்டீங்களா?" மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. "போட்டேன்" என்றேன். கொல்லைப்பக்கம் போய் வாழைக்கடியில் எறிந்தேன். திரும்பி வந்தபோது அவள் எனக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாளும் அவள் கேட்டாள். மறுநாளும் அதே பதில்.

பிறகு தூக்கம் போனது. விடிய விடிய எழுதினேன். பத்திரிகை ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லி மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். மகளின் கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தை எடுத்து அச்சகத்தில் கட்டினேன். அறந்தாங்கியிலிருந்து மச்சினன் வந்து, "மச்சான், வாங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்" என்று கையைப் பிடித்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி அவரைத் திருடன் என்றேன். எங்களுக்குக் கஷ்டம் வந்தபோதெல்லாம் பணம் தந்தவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்.

அடுத்து வந்தது இருட்டு. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தேன். மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து வீட்டை ஓட்டினாள். மகள் அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை. நான் விடிய விடிய எழுதிய தாள்களைத் தேறிய பிறகு படித்தேன். ஒரு பக்கம்கூட நிற்கவில்லை.

தூங்காத நாட்களில் நான் செய்ததில் நோயின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் "போட்டேன்" என்ற சொல்லில் நோய்க்குப் பங்கில்லை. அது முழுக்க என்னுடையது. மனைவி ஒருநாள், "எங்கிட்ட சொல்லிட்டு நிறுத்தியிருந்தா நான் முழிச்சுக் காவல் இருந்திருப்பேனே" என்றாள். அவளிடம் அந்தக் காவலைப் பறித்தவன் நான்.

இப்போது மாத்திரையை எல்லோர் முன்னாலும் போடுகிறேன். மருத்துவர் சொல்லும்போது ரத்தத்தில் லித்தியம், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். அதனால் எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. காலையில் மட்டும் எழுதுகிறேன். இரவு என்ன வரி தோன்றினாலும் எழுந்திருப்பதில்லை. அந்த வரி போனால் போகட்டும்.

நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. மகள் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுகிறாள். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எண்ணாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மச்சினனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மச்சான்" என்றார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதுவும் நியாயம்தான்.