தொப்பி ஊசியும் மூன்று சில்லு வண்டியும்

ஜேர்மனியின் தென்மேற்கே மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் போகும் வழியில் வீஸ்லொக் என்றொரு சிறிய நகரம் உண்டு. அங்குள்ள பழைய மருந்துக்கடையொன்றை உலகின் முதலாவது எரிபொருள் நிலையம் என்று அழைக்கிறார்கள். மருந்துக்கடைக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு தாயின் பயணத்தால்.

1888 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அதிகாலை, 39 வயதான பேர்த்தா பென்ஸ் தமது கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை, அவருக்குத் தெரியாமலே வெளியே எடுத்தார். உடன் சென்றவர்கள் 15, 13 வயதுடைய இரு மகன்மார். போகவேண்டிய இடம் 100 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த தாய்வீடு.

அந்த வண்டி நெடும்பயணத்துக்கு ஏற்றதே அல்ல. அதற்கு மூன்று சில்லுகள். ஒரு தடவையில் சில லீற்றர் எரிபொருளே கொள்ளும். பிறேக் வெறும் மரக்கட்டை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். வீதிகளோ குதிரை வண்டிகளுக்கானவை.

ஆயினும் பேர்த்தாவுக்குப் போகவேண்டிய தேவை இருந்தது. திருமணத்துக்கு முன்பே தமது சீதனப் பணத்தைக் கொடுத்துக் கார்லின் பட்டறையைக் காப்பாற்றியவர் அவர். 1886 இல் வண்டிக்குக் காப்புரிமை கிடைத்தும் அதை நம்பி வாங்க ஆட்கள் முன்வரவில்லை. தூரப் பயணத்துக்கு உதவும் என்று காட்டாவிட்டால் அந்தப் பணமும் பல வருட உழைப்பும் வீணாகிவிடும்.

அவரது பெரிய ஆயத்தம், அந்த வண்டியைப் பற்றி அறிந்து வைத்திருந்ததுதான். அதற்குத் தேவையான லிக்ரொயின் கறை நீக்கும் திரவமாக மருந்துக்கடைகளில் விற்கப்பட்டது. அதனாலேயே வீஸ்லொக்கில் நிறுத்தி வாங்கினார். நீரைக் கிணறுகளிலும் ஓடைகளிலும் மொண்டு ஊற்றினார்கள். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். சங்கிலியைச் சரிசெய்ய ஒரு கொல்லர் உதவினார். பிறேக் கட்டை தேய்ந்ததும் சப்பாத்துத் தைப்பவரிடம் சொல்லி அதில் தோல் அடிப்பித்தார். ஏற்றங்களில் பிள்ளைகள் தள்ளினார்கள்.

பொழுது சாயும் வேளையில் போர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி பறந்தது. சில நாட்களின் பின் அதே வண்டியில் திரும்பினார்கள். வழியில் கண்ட குறைகளைப் பேர்த்தா எடுத்துச் சொல்ல, ஏற்றம் ஏறுவதற்கென இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது.

2008 முதல் அந்தப் பாதை பேர்த்தா பென்ஸ் நினைவு வழி எனப் பெயர்ப்பலகைகளுடன் விளங்குகிறது. காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது கணவரின் பெயர். பாதையில் இருப்பது அவருடைய பெயர்.

தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும் அக்காலத்துப் பெண்கள் பலரிடமும் இருந்தவைதாம். எதை எங்கே பயன்படுத்தலாம், எதற்கு யாரிடம் உதவி கேட்கலாம் என்று அறிந்திருந்தபடியால் பேர்த்தாவின் வண்டி நடுவழியில் நிற்கவில்லை. தோழியரே, நம் கைப்பையிலும் தையற்பெட்டியிலும் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை பார்ப்போமா?