குழலும் தோட்டாவும்

பாலராமபுரம் என்றதும் நண்பர்களுக்குக் கைத்தறிதான் நினைவுக்கு வரும். பாலராமவர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் குழித்தறிகள் இன்றும் ஒலிக்கும் ஊர் அது. 1956 இல் மாநிலங்களுக்குக் கோடு கிழித்தபோது நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். தமிழ் மட்டும் வீட்டுக்குள் நின்றது. அவ்வூர்க்காரன் துப்பாக்கியைப் பற்றி எழுத வந்தது ஏனென்று கேட்பீர்கள். காரணம் என் அத்தான்.

பாறசாலைக்குக் கிழக்கே, வெள்ளறடைப் பக்கம் அவருக்கு மரச்சீனித் தோட்டம் உண்டு. தோட்டத்தில் பாதி அவருக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. 2022 இல் கேரள அரசு, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கும் வழங்கியதல்லவா? அதன் பின்னர், மாமா காலத்து .315 துப்பாக்கிக்கு வீட்டில் திடீரென மதிப்பு வந்தது. உரிமம் உண்டு, தோட்டாதான் எளிதில் கிடைப்பதில்லை. பழக்கமான லேத் பட்டறைக்காரர் ஒருவர், "குழலைக் கொஞ்சம் குடைந்து .410 ஆக்கிவிடலாம்" என்றாராம். அத்தானுக்கு அது பிடித்துப் போயிற்று. எந்திரவியல் மாணவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்.

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை ஒன்று உண்டு. பித்தளைக் கூட்டின் உருவத்துக்கு அச்சொட்டாக அது கடையப்பட்டிருக்கும். வெடிக்கும் கணத்தில் மெல்லிய பித்தளை விரிந்து அறையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தத்தைத் தாங்குவது சுவரின் எஃகுதான். அறை தளர்வாயிருந்தால் கூடு கிழியும். கிழிந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். மேலும், எஃகைக் குடைந்தெடுக்கலாம், திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஆகவே சிறிய அறையைப் பெரிதாக்கலாம். பெரியதைச் சிறிதாக்க வேண்டுமானால் பெரும்பாலும் வேறு குழல்தான் வழி. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் உடனே விளங்கும். எண்பதாம் நம்பர் நூலுக்குக் கட்டிய அச்சின் பல்லை நூறாம் நம்பருக்காக நெருக்க முடியுமா? வேறு அச்சுத்தான் கட்ட வேண்டும்.

வங்காளத்திலுள்ள இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதை நன்கறிந்தே செயல்பட்டது. 1962 சீனப் போருக்குப் பின், படைக்கு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான துப்பாக்கிகள் விரைவாகத் தேவைப்பட்டன. பழைய .303 தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர் நீளம், அடியில் விளிம்புள்ளது. புதியதோ 51 மில்லிமீட்டர், துருத்தும் விளிம்பற்றது, அழுத்தமும் கூடியது. பழைய குழலைக் குடைவதால் இந்த வேறுபாடு தீருமா? தீராது. அதனால் லீ-என்ஃபீல்டின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, உறுதியான எஃகில், புதிய குழலோடும் புதிய தோட்டாக் கிடங்கோடும் 2ஏ என்ற ரைபிளைப் புதிதாகவே செய்தார்கள். அடுத்து வந்த 2ஏ1 இல் பார்வைக்குறியின் அளவு 2000 இலிருந்து 800 ஆகக் குறைந்தது. இரண்டாயிரம் அடையாளத்துக்கு அப்பால் எதையேனும் குறிபார்த்துச் சுட்டவர் எத்தனை பேர் இருப்பார்களோ!

அத்தான் விடவில்லை. "பொலீசுக்கு சர்க்காரே .303 ஐ .410 ஆக்கிக் குடுத்தாவளே, அதெப்படி?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னைவிடப் பெரியப்பாவே தக்க சாட்சி. குமரி மாவட்டக் காவல்துறையில் அந்த .410 மஸ்கட்டைத் தோளில் சுமந்தவர் அவர். .303 கூட்டின் கழுத்தை நேராக்கிச் செய்த தோட்டா. புரிகளற்ற வழவழப்பான குழல். கிடங்கை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். ஒருமுறைக்கு ஒன்றுதான் போடலாம். தொலைவுக்குப் போகாத, விரைவாகச் சுட முடியாத துப்பாக்கி. கூட்டத்தைக் கலைக்க அதுவே போதும் என்பது ஒரு விளக்கம். 1857 ஐ மறவாத ஆட்சி தன் காவலனையே முழுதாக நம்பவில்லை என்பது என் கணிப்பு. "அந்தக் கட்டையப் பாக்கும்போதெல்லாம் என் வாயில துணி வெச்சு அடைச்ச மாதிரி இருக்கும்," என்றார் பெரியப்பா. வேறெப்போதும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த மாற்றம் அரசின் ஆயுதத் தொழிற்சாலையில், எஃகின் வலிமையறிந்து, அளவுகருவிகளோடு நடந்தது. வெள்ளறடைப் பட்டறையில் வெந்நீர்க் குழாய்க்கு மரை போடும் லேத்தில் அன்று! உரிமமின்றித் துப்பாக்கியை உருமாற்ற 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் இடந்தராது என்றேன். சட்டத்தைக் கேட்டு அத்தான் சிரித்தார். கூடு கிழிந்தால் வாயு எங்கே வரும் என்பதைத் தாளில் வரைந்து காட்டியபோது சிரிப்பு நின்றது. பெரியப்பா அந்தத் தாளை எடுத்து மடித்துப் பட்டறைக்காரரிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

.315 இப்போது மீண்டும் அலமாரியில் இருக்கிறது. வேறு துப்பாக்கிக்கு முறைப்படி மனுப் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. இரவில் தோட்டத்தில் தகர டப்பா தட்டுவது அத்தானும் பெரியப்பாவும். விடுமுறை நாட்களில் மூன்றாவது டப்பா என்னுடையது.