கறிக்கில்லாத மீன்

நம் ஊர்களில் தூண்டில் போடுவது கறிக்காகத்தான். கனடாவின் பிரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன் மீனுக்குத் தூண்டில் போடுவது அதற்கல்ல. பல்லில்லாத அந்தப் பெரிய மீன், மீசையால் ஆற்றடியைத் தடவி இரை தேடும். ஆகவே தங்கூசியில் ஈயம் கட்டி, சால்மன் மீன் சினையை அடியில் கிடத்துவார்கள். முள் ஒன்றுதான், கழலாமல் பிடிக்கும் எதிர்முள் அதில் இருக்கக் கூடாது. பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது 1994 முதல் சட்டம்.

நூறு வயதையும் தாண்டக்கூடிய மீன் அது. பெண்மீன் முட்டையிடவே பல வருடம் செல்லும். "அதனால்தான் ராத்தா, படம் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம்" என்றான் அங்கு வாழும் தம்பி.

விடுவது நல்லதுதான். ஆனால் அவனுடைய மகனும் இப்போது தூண்டில் கேட்கிறானாம். உண்ணவுமில்லாமல் ஓர் உயிரை நெடுநேரம் இழுத்துக் களைக்க வைப்பதை விளையாட்டென்று அந்தப் பிள்ளைக்குப் பழக்குவதா? நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே.