வாய் மூடிய இரும்புப் பந்து

எங்கள் பத்திரிகையில் ஒரு காலத்தில் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றிய அண்ணை ஒருவர், சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சிறு பெட்டியுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்திருந்த அவருக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பியிருந்த சீன இரும்புப் பந்துகள் இரண்டு அப்பெட்டியினுள் இருந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்து விரல்களால் ஒன்றையொன்று சுற்றவைத்தால் மணிபோல ஒலிக்கும்.

"ஒண்டு வாய் மூடிட்டுது தம்பி. கைதான் திரும்பவும் நிண்டு போச்சோ எண்டு பயந்து போனன்" என்றார்.

அவர் பயந்ததில் வியப்பில்லை. ஈய எழுத்துக்களைக் கண்ணால் தேடாமல் விரலால் எடுத்துக் கோத்தவர் அவர். தளர்ந்த விரல்கள் அசைகின்றனவா என்பதை அவர் அறிந்துகொண்டது, உணர்ச்சி குன்றிய அந்தக் கையால் அல்ல. காதுக்கு எட்டிய அந்த ஒலியால்தான்.

இப்பந்துகளின் ஊர் பாவோதிங். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், பெய்ஜிங்கிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இரும்புப் பந்து, மாவிலிருந்து நொதிக்கவைத்துச் செய்யும் ஒருவகைக் குழம்பு, ஊறவைத்த ஒரு கீரை ஆகிய மூன்றையும் தம் ஊரின் செல்வங்களாக அங்குள்ளோர் சொல்வது வழக்கம். மிங் அரச மரபின் காலத்திலேயே (1368–1644) இப்பந்துகள் வழக்கிலிருந்தன என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. தொடக்கத்தில் அவை திண்மையான இரும்பு உருண்டைகள். உள்ளே வெறுமையும் ஒலியும் பின்னர் வந்தவை.

ஒலிக்கும் பந்தின் செய்முறை கேட்க எளிதானது. உலோகத் தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி, இரண்டு அரைக்கோளங்களாக்குவார்கள். உள்ளே ஒலிதரும் தகடொன்றையோ சுருள் கம்பியொன்றையோ பொருத்தி, அதன்மேல் உருண்டு மோதுவதற்கென ஒரு சிறு குண்டை இடுவார்கள். பின்னர் அரைக்கோளங்களைச் சேர்த்துப் பற்றவைத்து, மூட்டு இருந்த தடமே தெரியாதபடி அராவி மெருகேற்றி, குரோமியப் பூச்சுக் கொடுப்பார்கள். சோடியில் ஒன்று உயர்ந்த சுரத்திலும் மற்றது தாழ்ந்த சுரத்திலும் ஒலிக்கவேண்டும். சீனர் அவற்றை யின், யாங் என்னும் இரு தத்துவங்களோடு இணைத்துப் பேசுவர்.

வண்ணப் பந்துகளுக்கு வேலை இன்னும் அதிகம். மெல்லிய செப்புக் கம்பியைப் பூவாகவும் பறவையாகவும் வளைத்து மேற்பரப்பில் ஒட்டி, இடைவெளிகளில் வண்ணக் கண்ணாடிப் பொடியின் குழைவை நிரப்பிச் சூளையில் சுடுவார்கள். பொடி உருகி அமிழ்ந்துவிடும். மீண்டும் நிரப்பி மீண்டும் சுடவேண்டும். கம்பியும் வண்ணமும் ஒரே மட்டத்துக்கு வந்தபின் தேய்த்து மெருகிடுவார்கள். 1449 முதல் 1457 வரை ஆண்ட ஜிங்தாய் பேரரசரின் பெயரால் இக்கலையை 'ஜிங்தாய் நீலம்' என்கிறார்கள்.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது வண்ணமல்ல, அந்த மூட்டுத்தான். பற்றவைத்த பின் உள்ளே கைவைக்க இயலாது. சுரம் பிசகியிருந்தாலும் திருத்த வழியில்லை. ஆகவே, மூடுவதற்கு முன்னரே எல்லாம் சரியாக இருந்தாகவேண்டும். இதைச் சொன்னபோது அண்ணை சிரித்தார். "புறூவ் பாக்காமல் பக்கத்தைக் கட்டி மெசினிலை ஏத்தின மாதிரி" என்றார்.

இருவருமாக ஒரு கடைசல் பட்டறைக்குச் சென்றோம். பூச்சு உரிந்து துருக்கோடு ஒன்று தெரிந்த இடமே மூட்டு என்பதைப் பட்டறைக்காரர் பார்த்தவுடனே சொன்னார். அக்கோட்டின் வழியே வாளால் அறுத்துப் பிளந்தபோது, சுருள் கம்பி தன் அடியிலிருந்து கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. குண்டு அதன் அருகில் சும்மா இருந்தது. அண்ணை நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ரை கை பிழையில்லை" என்றார் மெதுவாக.

பட்டறைக்காரர் கம்பியின் அடியைப் பற்றவைத்து, பந்தையும் மூடி, இயன்றவரை அராவித் தந்தார். பாவோதிங்கின் மெருகு அதில் இல்லை. நடுவே ஒரு தழும்பு விரலில் தட்டுப்படுகிறது. சுரமும் முன்புபோல இல்லை. மறுபடி வைத்தபோது கம்பி சிறிது குறுகிவிட்டதோ, பற்றவைத்த இடம் தடித்துவிட்டதோ, ஒலியில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது.

இப்பந்துகள் உடலின் நாடிகளையெல்லாம் தூண்டி நோய் தீர்க்கும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அதற்கு நான் சாட்சியல்ல. விரலுக்கு வேலை கொடுக்கின்றன என்பதை மட்டும் சொல்லமுடியும். தேர்ந்தவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமலேயே சுழற்றுவார்களாம். அண்ணையின் கையில் அவை இன்னமும் முட்டிக்கொள்கின்றன.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தவர் பேசாமல் எதையோ கேட்கவைத்தார். ஒரு தெளிந்த மணி, ஒரு கரகரத்த மணி, மாறி மாறி ஏழெட்டுச் சுற்று.

"வலது கை தம்பி" என்றார்.